சுங்கை சிப்புட் ராக், பங்க்: டெமோ கேசட், துண்டறிக்கை, இசைத்தட்டு சேகரித்து ஆவணப்படுத்துவது எப்படி?

லயத்துக்_கிட்டார்

வணக்கம். மலேசியா, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் பட்டணம், அதைச் சுத்தி எல்பில், ஹீவுட், டோவன்பி தோட்டப் பக்கம்னு நம்ம ஏரியாவுல ராக், பங்க், மெட்டல் வாசிச்ச குழுக்களோட சாமான்களைச் சேர்த்து ஒழுங்கா ஆவணப்படுத்தணும். விக்கறதுக்கு இல்லை. கையில இருக்கறது: ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய டெமோ கேசட் (பாதியில வெள்ளைப் பூஞ்சை), ஃபோட்டோஸ்டெட் துண்டறிக்கை ஒரு கட்டு, சில ஃபேன்ஸீன் (ரசிகர்களே அச்சடிச்ச சின்ன இதழ்), மார்க்கர்ல எழுதின சிடி-ஆர் (கம்ப்யூட்டர்ல பதிவு செஞ்ச சிடி), யாரோ தாத்தா வீட்டு 7 அங்குல ஈபி (சின்ன இசைத்தட்டு) ஒரு அடுக்கு. துண்டறிக்கையில கிழமை, தேதி, மாசம் எல்லாம் இருக்கு, வருஷம் மட்டும் இல்லை. கேசட்டை எதுல ஓட்டி கம்ப்யூட்டருக்கு மாத்தறது? யூஎஸ்பி வாக்மேன் மாதிரி ஒண்ணு ஆன்லைன்ல மலிவா கிடைக்குது, போதுமா?

ஒலிநாடா_அண்ணன்

தம்பி, முதல் வேலை: எதையும் ஓட்டாதீங்க. ஒவ்வொரு கேசட்டோட மேல் விளிம்புல ரெண்டு சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை உடைச்சு எடுத்துடுங்க. அது இருக்கற வரைக்கும் தவறி ரெக்கார்ட் பட்டன் அழுந்தினா அந்த டெமோ போச்சு. உலகத்துல அந்த ஒரு பிரதிதான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டே கையை வைங்க.

பூஞ்சை உள்ளதை உடனே பிரிச்சு, ஒவ்வொண்ணையும் தனித்தனி ஜிப் பையில போட்டு, நல்லதுக்குப் பக்கத்துல வைக்காம ஒதுக்குங்க. பைக்குள்ள சிலிக்கா ஜெல் போடுங்க. ஆரஞ்சுலேர்ந்து பச்சைக்கு மாறற வகையா பார்த்து வாங்குங்க. நீல நிற வகையில கோபால்ட் குளோரைடு இருக்கு, வீட்டுல வச்சுக்கற சரக்கு இல்லை. சில வாரம் கழிச்சு பூஞ்சை பொடியா உலர்ந்ததும் சுத்தம் பண்ணலாம். ஈரமா இருக்கறப்ப தொட்டா நாடாவுல தேய்ஞ்சு பரவும். வாசல்ல, காத்துக்கு எதிர்ப்பக்கம் நிக்காம, என்95 முகக்கவசம், கையுறை போட்டு செய்யுங்க. கேசட்டோட பிளாஸ்டிக் ஓடு திறக்கற வகைன்னா (அஞ்சு திருகாணி) திறந்து, ரீலை வெளியே எடுத்து, மென்மையான தூரிகையால சுத்தோட பக்கவாட்டைத் துடைச்சு, சுத்தமான வேற ஓட்டுல போடணும். தண்ணி, ஆல்கஹால் எதுவும் நாடா மேல வேணாம்.

யூஎஸ்பி வாக்மேன் வேணாம். அதுல வேகம் ஆடும், ஹெட்டோட (நாடாவைப் படிக்கற முனை) சாய்வைத் திருத்த வழி இருக்காது, உள்ள இருக்கற ஒலி மாற்றியும் மட்டம். பழைய சாமான் கடையில ஒரு நல்ல கேசட் டெக் பாருங்க. வாவ் அண்ட் ஃப்ளட்டர் (வேக ஆட்டம்) 0.1 சதவீதத்துக்குக் கீழே உள்ள மாடலா இருந்தா போதும், பிராண்ட் ரெண்டாம் பட்சம். வாங்கறப்பவே பெல்ட்டும் மாத்தணும்னு கணக்குல சேர்த்துக்கோங்க. நம்ம ஊர் வெக்கையில பழைய ரப்பர் பெல்ட் கறுப்பு கோந்தா உருகி கப்பியில ஒட்டிக்கிட்டு இருக்கும். அதை ஆல்கஹால் நனைச்ச பஞ்சால முழுசா துடைக்காம புது பெல்ட் போட்டா வழுக்கும். பெல்ட் ஓடற பாதையோட சுற்றளவை நூல் வச்சு அளந்து, அதைவிட ஏறத்தாழ 5 சதவீதம் சின்னதா வாங்குங்க. ரொம்ப இறுக்கமா போட்டா மோட்டார் அச்சு தேயும்.

ஒலிநாடா_அண்ணன்

(தொடர்ச்சி) ஹெட், கேப்ஸ்டன் (நாடாவை இழுக்கற உலோகத் தண்டு) ரெண்டையும் 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல சுத்தம் பண்ணுங்க. ஃபார்மசியில கிடைக்கற 70 சதவீதத்துல மிச்சமெல்லாம் தண்ணி. எலக்ட்ரானிக் சாமான் விக்கற கடையில கேளுங்க. ரப்பர் உருளைக்கு ஆல்கஹால் போடாதீங்க, காய்ஞ்சு வெடிக்கும். ஒரு சொட்டு பாத்திரம் கழுவற திரவம் கலந்த தண்ணி போதும், பிறகு வெறும் தண்ணியில துடைச்சு உலர விடணும்.

இனி முக்கியமானது. வீட்டுல ரெண்டு கேசட் ரேடியோவுல பிரதி எடுத்த டெமோக்கள்ல ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஹெட் சாய்வுல பதிவாகியிருக்கும். உங்க டெக்கோட சாய்வு அதோட பொருந்தலைன்னா சிம்பல் சத்தம் எல்லாம் கம்பளி போர்த்தின மாதிரி மங்கிப்போகும். அதை அப்புறம் கம்ப்யூட்டர்ல டிரெபிள் ஏத்தி சரிபண்ண முடியாது, இரைச்சல்தான் ஏறும். ஹெட்டுக்குப் பக்கத்துல சுருள்வில் போட்ட ஒரு சின்ன திருகாணி இருக்கும். காந்தமில்லாத திருப்புளியால, இடது வலது ரெண்டையும் மோனோவா சேர்த்துக் கேட்டுக்கிட்டே, கால் சுத்துக்கும் குறைவா முன்னே பின்னே திருப்புங்க. ஹை-ஹேட் சத்தம் எங்க கூர்மையா எழும்புதோ அதுதான் இடம். தொடங்கறதுக்கு முன்னாடி திருகாணியோட பழைய நிலையை மார்க்கர்ல குறிச்சு வைங்க. இதை ஒவ்வொரு கேசட்டுக்கும், சில சமயம் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியா செய்யணும். சலிப்பான வேலைதான். ஆனா ஒரு டெமோ நல்லா கேக்கறதும் கேக்காததும் தொண்ணூறு பங்கு இங்கதான் முடிவாகுது.

டால்பி (இரைச்சல் குறைப்பு) பொத்தானை அணைச்சே வைங்க. அட்டையில இரட்டை டி சின்னம் இருந்தா மட்டும் யோசிக்கலாம். கராஜ் டெமோ எவனும் டால்பி போட்டு பண்ணியிருக்கமாட்டான் லா.

ஏழங்குலம்

அண்ணன் சொல்வதோடு ஒன்று: டெக்கில் டைப் 1 (சாதாரண நாடா), டைப் 2 (குரோம் நாடா) தேர்வு தானாக நடக்கும் மாடல் என்றால் கேசட் ஓட்டின் மேல் விளிம்பில் உள்ள குழிகளைப் பார்த்துத்தான் அது முடிவு செய்கிறது. ஓடு மாற்றும்போது குரோம் நாடாவைச் சாதாரண ஓட்டில் போட்டால் டெக் 120 மைக்ரோவினாடி ஈக்யூ (ஒலிச் சமன்) அமைப்பில் ஓட்டும். 70-இல் ஓட்ட வேண்டியதை அப்படி ஓட்டினால் டிரெபிள் தூக்கலாகக் கேட்கும். எந்த நாடா எந்த ஓட்டிலிருந்து வந்தது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

லயத்துக்_கிட்டார்

நன்றி அண்ணே. ஒரு கேசட் விநோதமா இருக்கு. உறவுக்காரர் வீட்டு ரேடியோவுல ஏற்கெனவே ஓட்டிப் பார்த்திருக்காங்க. ஏ பக்கம் டிரம்ஸும் பேஸும் மட்டும் ஆமை வேகத்துல. பி பக்கம் கிட்டாரும் பாட்டும் பின்னோக்கி ஓடுது. நாடா கெட்டுப்போச்சா?

ஒலிநாடா_அண்ணன்

கெடலை. உங்க பெட்டியிலேயே பெரிய புதையல் அதுதான், பத்திரமா வைங்க! அது போர்ட்டாஸ்டூடியோ மாதிரி நாலு தட இயந்திரத்துல பதிவு செஞ்ச மூல நாடா. சாதாரண கேசட்ல ஒரு பக்கத்துக்கு ரெண்டு தடம், திருப்பிப் போட்டா மறுபடி ரெண்டு. நாலு தட இயந்திரம் நாலையும் ஒரே திசையில எழுதும். அதனாலதான் உங்க பி பக்கம் பின்னோக்கி வருது. பல மாடல்ல வேகமும் இரட்டிப்பு: சாதாரணம் வினாடிக்கு 4.76 செ.மீ., இது ஏறத்தாழ 9.5 செ.மீ. அதான் ஆமை வேகம்.

யார்கிட்டயாவது அந்த மாதிரி இயந்திரம் இரவல் கிடைச்சா நாலு தடத்தையும் தனித்தனி வழியில ஒரே நேரத்துல நாலு உள்ளீட்டு இன்டர்ஃபேஸுக்குள்ள (ஒலியை கம்ப்யூட்டருக்கு மாத்தற பெட்டி) எடுங்க. அதுதான் சரியான முறை. இயந்திரத்துல டிபிஎக்ஸ் இரைச்சல் குறைப்பு இருந்து, பதிவும் அதோட பண்ணியிருந்தா, ஓட்டறப்பவும் அது இயங்கணும். இல்லாட்டி ஒலி கூர்மையா, மூச்சு வாங்கற மாதிரி ஏறி இறங்கும்.

இயந்திரம் கிடைக்கவே இல்லைன்னா: சாதாரண டெக்ல ஏ பக்கத்தை 96 கிலோஹெர்ட்ஸ்ல பதிவு பண்ணி, கோப்பை 192ன்னு அறிவிச்சா வேகம் இரட்டிப்பாகும். பி பக்கத்தையும் அப்படியே எடுத்து, மென்பொருள்ல தலைகீழா திருப்பணும். அப்புறம் ரெண்டு ஜோடியையும் ஒண்ணோட ஒண்ணு பொருத்தறதுலதான் தலைவலி. ரெண்டு முறை ஓடினதுல வேகம் நுணுக்கமா மாறியிருக்கும். பாட்டோட தொடக்கத்துல டிரம்ஸ் குச்சி எண்ணிக்கை மத்த தடத்துலயும் கசிஞ்சிருந்தா அதை அடையாளமா வச்சு, சில வரிகளுக்கு ஒருமுறை வெட்டிப் பொருத்துங்க. அடிக்குரலும் கொஞ்சம் போகும். பாட்டுல 60 ஹெர்ட்ஸா இருக்கறது பாதி வேகத்துல 30 ஹெர்ட்ஸா வருது, அவ்வளவு கீழே பல டெக் சரியா படிக்காது.

செம்பனை_சத்தம்

கோப்பு அளவு பற்றி யாரும் சொல்லவில்லை. மூலப் பிரதி 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ். குறைந்தபட்சம் 48/24. உச்சம் −6 டிபியைத் தாண்டாமல் வையுங்கள். 24 பிட்டில் இடம் தாராளம், சத்தமாக ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. ஸ்டீரியோ 96/24 என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 34.5 எம்பி, 60 நிமிட கேசட் 2 ஜிபிக்குச் சற்று மேல். இதில் இரைச்சல் நீக்கம், ஈக்யூ எதுவும் செய்யாதீர்கள். அழகு பார்ப்பதெல்லாம் இரண்டாம் பிரதியில். மூலத்தைச் சுருக்க வேண்டும் என்றால் ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கும் வடிவம்). எம்பி3 கேட்பதற்கு மட்டும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு ஊரில். ஈப்போவில் இருக்கும் நண்பர் வீடு போதும், அலமாரியில் ஒரு ஹார்ட் டிஸ்க். ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் (கோப்பு மாறியிருக்கிறதா என்று காட்டும் எண்) எடுத்து உரைக் கோப்பில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்த்தால் எந்தக் கோப்பு கெட்டது என்று தெரியும்.

கோப்புப் பெயர் ரூமி (ஆங்கில) எழுத்தில், இடைவெளி இல்லாமல், தேதியை ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் முதலில் வைத்து. தமிழ்ப் பெயர்களையெல்லாம் பட்டியலில் முழுதாக எழுதலாம். பழைய ஜிப் மென்பொருள்கள் தமிழ்க் கோப்புப் பெயரைக் கட்டம் கட்டமாக மாற்றிவிடும்.

கிந்தா_வாசி

வேகம் சரியா இருக்கான்னு பார்க்க ஒரு தந்திரம். அந்தக் காலத்து பதிவுல ஆம்ப்ளிஃபையர் இரைச்சல், அதாவது மின்சார முணுமுணுப்பு, கட்டாயம் இருக்கும். நம்ம நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பாட்டு தொடங்கறதுக்கு முன்னாடி கிட்டார் சும்மா இருக்கற அந்த ரெண்டு மூணு வினாடியை ஸ்பெக்ட்ரம்ல பாருங்க. கோடு 50, 100, 150ல நிக்கணும். 51.5ல நின்னா நாடா 3 சதவீதம் வேகமா ஓடுது, கிட்டார்ல அரை ஃப்ரெட் அளவுக்கு சுருதி கூட. ஆனா பிரதிக்குப் பிரதி எடுத்த கேசட்ல ஒண்ணுக்கு மேல கோடு தெரியும், ஒவ்வொரு தலைமுறை டெக்கும் தன்னோடதைச் சேர்த்திருக்கும். அதுல ரொம்ப மங்கலானதுதான் பழசுன்னு நம்பிடாதீங்க, டியூனரோட ஒப்பிட்டுப் பாருங்க. திருத்தம் இரண்டாம் பிரதியில மட்டும்.

லயத்துக்_கிட்டார்

யூடியூப்ல கேசட்டை அடுப்புல 50 பாகை சூட்டுல வச்சா கிறீச் சத்தம் போகும்னு சொல்றாங்களே?

ஒலிநாடா_அண்ணன்

வேணவே வேணாம். அது 70கள், 80கள்ல ஸ்டூடியோக்கள்ல ஓடின பெரிய ரீல் நாடா சிலதுக்கு உள்ள பிரச்சினை. ஒட்டுப்பொருள் ஈரத்தை உறிஞ்சி பிசுபிசுன்னு ஆகும், சூடு காட்டினா தற்காலிகமா சரியாகும். கேசட்ல அது அபூர்வம். இதுல கிறீச் வந்தா பெரும்பாலும் ஓட்டுக்குள்ள இருக்கற வழுக்குத் தாள் சுருங்கியிருக்கும், இல்லாட்டி அழுத்தத் திண்டு தேஞ்சிருக்கும். ஓடு மாத்தினா பாதிக்கு மேல தீரும். அடுப்புல வச்சா ஓடுதான் நெளியும்.

அழுத்தத் திண்டுன்னா, கேசட் வாய்க்குள்ள செம்புத் தகட்டு மேல ஒட்டியிருக்கற சின்ன கம்பளித் துண்டு. பழைய கேசட்ல பசை காய்ஞ்சு அது விழுந்திருக்கும். அது இல்லாம ஓட்டினா ஒலி மங்கி, விட்டு விட்டு வரும். நாடாவைக் குத்தம் சொல்லாதீங்க. விழுந்த துண்டு பெரும்பாலும் ஓட்டுக்குள்ளேயே கிடக்கும். ஒட்ட முயற்சி பண்றதைவிட நல்ல கேசட் ஒண்ணோட தகட்டை அப்படியே மாத்திடுங்க. அறுந்த நாடாவை ஒட்ட வீட்டு செலோடேப் வேணாம், பசை கசிஞ்சு அடுத்த சுத்தோட ஒட்டிக்கும். 3.81 மி.மீ. ஒட்டுநாடான்னு தனியா விக்கறாங்க.

காகிதப்புலி

தம்பி, கேசட் பேச்சு ஒருபக்கம் இருக்கட்டும். காகிதத்தைப் பிளாஸ்டிக் ஆல்பத்துல போட்டிருந்தா இன்னைக்கே எடுங்க. ஃபோட்டோஸ்டெட் மை காகிதத்துக்குள்ள ஊறினது இல்லை, மேலே உருகி ஒட்டின பிளாஸ்டிக் தூள். பிவிசி உறையில உள்ள மென்மையாக்கி அதைக் கரைக்கும். கொஞ்ச வருஷத்துல எழுத்து அப்படியே உறைக்கு மாறிடும், காகிதம் வெள்ளையா கையில வரும். ஏற்கெனவே ஒட்டியிருந்தா இழுக்காதீங்க. உறையோட சேர்த்து ஸ்கேன் பண்ணுங்க, அப்புறம் மூலையிலேர்ந்து மெதுவா. பாலிப்ரோப்பிலீன், பாலியெத்திலீன் உறைகள் பரவாயில்லை. லேமினேட் பண்ணாதீங்க, அது திரும்பி வராத வேலை.

ஃபேன்ஸீன் நடுவுல அடிச்ச ஸ்டேப்பிள் துருப்பிடிச்சிருக்கும். பின்னைக் கழட்டறதுக்கு முன்னாடி பக்க வரிசையை ஃபோட்டோ எடுங்க. நிறைய ஸீன்ல பக்க எண்ணே இருக்காது. உள்பக்கமா வளைஞ்ச முனையை மெல்லிய தகட்டால நிமிர்த்தி பின்னாலேர்ந்து தள்ளணும், முன்னாலேர்ந்து இழுத்தா கிழியும். துரு படிஞ்ச இடத்தைத் தேய்க்க வேணாம்.

ஸ்கேன் 600 டிபிஐ, டிஃப், கறுப்பு வெள்ளைத் துண்டறிக்கையா இருந்தாலும் கலர்ல. கலர் வச்சாதான் பென்சில் குறிப்பு, ரப்பர் முத்திரை, பழுப்பு எல்லாம் தெரியும். பின்பக்கத்தையும் எடுங்க. பின்பக்கத்துலதான் யாரோ குழு வரிசை, பஸ் நேரம், வாடகைக் கணக்கு கிறுக்கியிருப்பாங்க. எனக்குக் கேட்டா முன்பக்கத்தைவிட அதுதான் உசத்தி.

வெள்ளிமீன் பூச்சி, கரையான் ரெண்டுமே அட்டைப் பெட்டிக்கு வரும். பெட்டியைத் தரையில, சுவரோட ஒட்டி வைக்காதீங்க. கேமராக்காரங்க வச்சிருக்கற டிரை கேபினட் ஒண்ணு வாங்கினா காகிதம், கேசட், நெகட்டிவ் எல்லாத்துக்கும் ஆகும். ஈரப்பதம் 40லேர்ந்து 50 சதவீதத்துக்குள்ள நிறுத்துங்க.

கிந்தா_வாசி

வருஷம் இல்லாத துண்டறிக்கைக்கு வர்றேன். கிழமையும் தேதியும் இருந்தா பாதி கதை முடிஞ்சது. உதாரணமா "ஞாயிறு, 17 ஆகஸ்ட்" அப்படின்னு இருந்தா, 1986, 1997, 2003, 2008 இந்த நாலு வருஷம்தான் 1985லேர்ந்து 2010 வரைக்கும் பொருந்தும். இனி கழிக்கணும்.

நுழைவுக் கட்டணம் "$" போட்டிருக்கா, "ஆர்எம்" போட்டிருக்கா? 1993ல அதிகாரப்பூர்வமா மாறிச்சு. ஆனா பழக்கத்துல டாலர் குறி எழுதினவங்க பிறகும் இருந்தாங்க. அதனால "ஆர்எம்" இருந்தாலோ டாலர் குறி இருந்தாலோ அது சாட்சிதான், தீர்ப்பு இல்லை. தொடர்பு எண் 012ல தொடங்கினா 1995க்கு முன்னாடி இருக்க வாய்ப்பில்லை. பேஜர் எண் மட்டும் இருந்தா 90கள். மின்னஞ்சல், ஜியோசிட்டீஸ் முகவரி, ஃப்ரெண்ட்ஸ்டர், மைஸ்பேஸ்னு வரிசையா காலம் நகரும். மேல உள்ள உதாரணத்துல 012 எண்ணும் மைஸ்பேஸ் முகவரியும் இருந்தா 2008தான்னு கிட்டத்தட்ட உறுதி.

அந்த முகவரிகளை விடாதீங்க. ஜியோசிட்டீஸ் 2009ல மூடப்பட்டது. ஃப்ரெண்ட்ஸ்டர் 2011ல பழைய பதிவுகளை அழிச்சது. மைஸ்பேஸ்ல 2003லேர்ந்து 2015 வரை ஏத்தின பாட்டெல்லாம் சர்வர் மாத்தறப்ப தொலைஞ்சதுன்னு 2019ல ஒத்துக்கிட்டாங்க. ஆனா துண்டறிக்கையில அச்சான முகவரியை எழுத்துக்கு எழுத்து வேபேக் மெஷின்ல (பழைய இணையப் பக்கங்களைச் சேமிக்கற தளம்) போட்டா பக்கமாவது கிடைக்கும். பக்கத்துல உள்ள நண்பர் பட்டியலே பக்கத்து ஊர்க் குழுக்களோட வரைபடம். இன்டர்நெட் ஆர்க்கைவ்ல மைஸ்பேஸ்லேர்ந்து மீட்ட சுமார் 490,000 பாட்டு (2008-2010 காலத்தது) தேடற மாதிரி இருக்கு, குழுப் பேரைப் போட்டுப் பாருங்க.

டிஜிட்டல் கேமரா படத்துல உள்ள தேதியை மட்டும் நம்பாதீங்க. பேட்டரி கழட்டினா கடிகாரம் தொடக்கத்துக்குப் போயிடும். ஜனவரி 1ன்னு இருக்கற படத்துல பாதி பொய்.

ஏழங்குலம்

இசைத்தட்டு அடுக்குக்கு என் பங்கு. தோட்ட வீடுகளில் கிடைக்கும் 7 அங்குலத் தட்டுகளில் பெரும்பகுதி 60களின் பாப் யே யே (மலாய் பீட் இசை) கால ஈபிகளாக இருக்கும். பங்க் ஆவணத்துக்கு அது எதற்கு என்று ஒதுக்காதீர்கள். மின்கிட்டார் குழு என்பதே அந்த அலையில்தான் இந்தப் பக்கம் வந்தது. பினாங்கிலிருந்து வந்த அலிகேட்ஸ் குழுவை முன்னின்று நடத்திய டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களைப் பற்றி நம் வீடுகளில் தெரியாதவர் குறைவு. 80களில் ராக் கப்பாக் (மலாய் ஹார்ட் ராக்), 1991-இல் கோலாலம்பூரில் கார்புரேட்டர் டங் என்ற பங்க் குழு என்று அந்த வரிசை தொடர்கிறது.

உறையை நம்பாதீர்கள், தட்டு மாறியிருக்கும். பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் உள்ள வெற்று வளையத்தில் கீறிய அல்லது முத்திரையிட்ட எண்ணைச் சாய்வெளிச்சத்தில் படித்து அப்படியே எழுதுங்கள். அச்சு எது, மறு அச்சு எது என்று சொல்வது அதுதான்.

கழுவ: காய்ச்சி வடித்த நீர், அதில் மிகச் சில சொட்டு மட்டும் மணமில்லாத திரவ சோப்பு, மைக்ரோஃபைபர் துணி, வரியின் போக்கிலேயே. பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரில் இன்னொரு முறை. குழாய்த் தண்ணீர் காய்ந்தால் உப்பு வரிக்குள் தங்கும். கனமான, உடையக்கூடிய 78 தட்டு (நிமிடத்துக்கு 78 சுற்று) கலந்திருந்தால் அதில் ஆல்கஹால் படவே கூடாது, ஷெல்லாக் கரையும். ஊசியும் வேறு: 78-க்கு 3 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), மோனோ ஈபிக்கு 1 மில், ஸ்டீரியோவுக்கு 0.7. மோனோ ஈபியை ஸ்டீரியோ ஊசியில் எடுத்தாலும் பாதகமில்லை. இரண்டு தடத்தையும் சேர்த்து மோனோ ஆக்கினால் ஊசியின் மேல்கீழ் அசைவால் வரும் இரைச்சல் குறையும்.

இன்னொன்று, மூலப் பிரதிகளை விலை கொடுத்தே வாங்கிவிடுங்கள். இரவல் என்றால் பெட்டி மறுபடி அதே பரணுக்குத்தான் போகும்.

காகிதப்புலி

கடைசி வரியில எனக்கு உடன்பாடு இல்லை ஏழங்குலம் அண்ணே. சேகரிப்பாளர் கணக்கு வேற, ஆவணக் கணக்கு வேற. இந்த அளவு ஊர்ல ஒரு கேசட்டுக்குக் காசு கொடுத்தீங்கன்னு தெரிஞ்சதும், அடுத்த வீட்டுல பெட்டி மூடிக்கும். விலை ஏறட்டும்னு வச்சுக்குவாங்க, இல்லாட்டி ஆன்லைன்ல படம் போட்டு ஜப்பான்காரருக்கு அனுப்புவாங்க. இரவல் வாங்கி, ரசீது எழுதிக் கொடுத்து, ஸ்கேன் பண்ணி, ஒரு பென்டிரைவ்ல பிரதியோட சொன்ன தேதியில திருப்பிக் கொடுங்க. திருப்பிக் கொடுக்கறப்பதான் "இன்னொண்ணு இருக்கு, பாருங்க"ன்னு உள்ள போய் எடுத்துட்டு வருவாங்க. பூஞ்சை பிடிச்சதை மட்டும் "இங்க வச்சா மத்ததும் கெடும்"னு சொல்லி உங்ககிட்டயே விட்டுடச் சொல்லலாம்.

ஏழங்குலம்

பரணில் கரையான் தின்றால் பென்டிரைவ் மட்டும்தான் மிஞ்சும் அக்கா. ஆனால் விலை பற்றிச் சொன்னது உண்மை. சரி, இப்படி வைத்துக்கொள்வோம்: மூல நாடா (அந்த நாலு தட கேசட் போல), கையெழுத்து மூலம், நெகட்டிவ் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். பிரதிகள் பல இருக்கக்கூடிய பொருளைத் திருப்பிக் கொடுங்கள்.

காகிதப்புலி

இது சரி.

செம்பனை_சத்தம்

வெளியிடுவது பற்றி. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1987-இன்படி ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 50 ஆண்டு பாதுகாப்பு உண்டு. 1997 டெமோ என்றால் 2047 வரை. குழு கலைந்துவிட்டது, யாரும் கேட்கமாட்டார்கள் என்பது அனுமதி ஆகாது. வாசித்த ஒவ்வொருவரிடமும் ஒரு தாளில்: பாதுகாக்கலாமா, பொதுவில் கேட்க வைக்கலாமா, பதிவிறக்க விடலாமா, எந்தப் பெயரில். நான்கும் தனித்தனிக் கேள்வி. பாதுகாக்கச் சரி, வெளியிட வேண்டாம் என்பவர்கள் இருப்பார்கள். அதை அப்படியே மதியுங்கள். டெமோவில் மற்றவர் பாட்டை வாசித்திருந்தால் அந்தத் தடத்தைப் பொதுவில் வைக்காதீர்கள்.

பெயரில் கூச்சம் இருப்பதற்குக் காரணம் உண்டு. 2001-இல் கெடாவில் பிளாக் மெட்டல் என்று பள்ளிகளில் சோதனை நடந்தது. 2015 ஆகஸ்டில் அம்பாங்கில் ரூமா ஆப்பி என்ற பங்க் இடத்தில் போலீஸ் புகுந்தது. அன்று பதினாறு வயதில் மேடை ஏறியவர் இன்று ஆசிரியராகவோ அரசு ஊழியராகவோ இருக்கலாம். ஃபோட்டோவில் முகம் தெரியும் ஒவ்வொருவருக்கும் இதே தாள்தான்.

டிஸ்காக்ஸில் (இசை வெளியீடுகளைப் பட்டியலிடும் இணையதளம்) பதிய வேண்டுமானால் பொருள் கையில் இருக்கும்போதே பதியுங்கள், அவர்கள் விதியே அதுதான். லேபிள் இல்லாத டெமோவுக்கு "லேபிளில் இல்லை" என்ற வகை இருக்கிறது. எழுத்துப்பிழையோடு அச்சாகியிருந்தால் பிழையோடே.

லயத்துக்_கிட்டார்

சிடி-ஆர் பத்தி யாரும் சொல்லலையே? அப்புறம் பேட்டி எடுக்கறப்ப என்ன கேக்கறது?

ஒலிநாடா_அண்ணன்

சிடி-ஆரை கேசட்டுக்கு முன்னாடி செய்யுங்க. கேசட் மெதுவாத்தான் மங்கும், சிடி-ஆர் ஒருநாள் திடீர்னு படிக்காது. சாயம் வெளிச்சத்துலயும் சூட்டுலயும் போயிடும். அடிப்பக்கக் கீறலைவிட மேல்பக்க, அதாவது எழுதின பக்கக் கீறல்தான் ஆபத்து. பிரதிபலிக்கற படலம் அந்த மெல்லிய வார்னிஷுக்குக் கீழேயே இருக்கு. ஒட்டின காகித லேபிளை உரிச்சா படலமும் சேர்ந்து வரும், விட்டுடுங்க. பிழையைக் காட்டற வகை மென்பொருள்ல, குறைஞ்ச வேகத்துல எடுங்க. ஒரு டிரைவ் படிக்கலைன்னா வேற கம்பெனி டிரைவ்ல முயற்சி பண்ணுங்க, வித்தியாசம் நிறைய. நடு வளையத்துல பொடி எழுத்துல ஐஎஃப்பிஐன்னு முத்திரை இருக்கறதை மட்டும் வச்சு தொழிற்சாலையில அச்சடிச்சதுன்னு முடிவு பண்ணாதீங்க, சிடி-ஆர்லயும் அது இருக்கலாம். பார்கோடு 955ல தொடங்கினா அது மலேசியாவுல பதிஞ்ச எண்.

கிந்தா_வாசி

பேட்டியில "அந்தக் காலம் எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டா எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வாங்க. துண்டறிக்கையை மேசையில வச்சு, பொருளைக் காட்டிக் கேளுங்க. இந்த டேவான் (மண்டபம்) யார் பேர்ல எடுத்தீங்க, வாடகை எவ்வளவு, பெர்மிட் யார் போட்டது. டிரம் செட் எங்கேர்ந்து வந்துச்சு, லாரியா வேனா. ஜாமிங் ஸ்டூடியோ மணிக்கு எவ்வளவு வெள்ளி. ஈப்போ கிக் (கச்சேரி) முடிஞ்சு கடைசி பஸ் போனப்புறம் எப்படி வீடு திரும்பினீங்க. கிட்டார் யாருது, தந்தி எங்க வாங்கினது. டெமோ எத்தனை பிரதி, அட்டை எந்தக் கடையில ஃபோட்டோஸ்டெட், எங்க வச்சு வித்தீங்க. ஒருத்தர் சொன்ன தேதியை இன்னொருத்தர்கிட்ட சொல்லிடாதீங்க, தனித்தனியா கேட்டு அப்புறம் ஒப்பிடுங்க.

48/24 வேவ், ஆளுக்கொரு காலர் மைக். மேல் விசிறியை நிறுத்துங்க, ஃப்ரிட்ஜ் இருக்கற அறை வேணாம். தகரக் கூரை வீடுன்னா காலையிலேயே முடிச்சுடுங்க. சாயங்காலம் மழை இறங்கினா அந்தச் சத்தத்தை எந்த மென்பொருளும் பிரிச்செடுக்காது.

இடம் குறிக்கறப்ப தோட்டப் பேரோட நிறுத்தாதீங்க. லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இடிச்சு செம்பனையோ தாமானோ (வீடமைப்புப் பகுதி) ஆன இடம் நிறைய. ஆளைக் கூட்டிக்கிட்டுப் போய் நின்னு ஜிபிஎஸ் எண்ணை எடுத்து வைங்க. பழைய தோட்ட டிவிஷன் பேரு, ஊர்ல கூப்பிடற பேரு ரெண்டும் தனித்தனி கட்டத்துல.

லயத்துக்_கிட்டார்

பட்டியல்ல என்னென்ன கட்டம் வேணும்?

செம்பனை_சத்தம்

பொருள் எண், வகை, அச்சானபடி தலைப்பு, தேதி, தேதிக்கு என்ன ஆதாரம், உறுதியா ஊகமா, இடம், யாரிடமிருந்து வந்தது, வந்த நாள், திருப்பிய நாள், நிலைமை, அனுமதி. டெமோவுக்கு மட்டும் கூடுதலாக: எந்த டெக், சாய்வு திருத்தியதா, டால்பி நிலை, வேகத் திருத்தம் எவ்வளவு. ஒரு விரிதாள் போதும், தனி மென்பொருள் வேண்டாம். பொருள் எண்ணைக் கேசட் ஓட்டிலோ துண்டறிக்கையிலோ எழுதாதீர்கள். உறை மேல், மென்மையான பென்சிலில்.

லயத்துக்_கிட்டார்

சரி. சிடி-ஆர் முதல்ல, அப்புறம் காகிதம், பூஞ்சை இல்லாத கேசட், கடைசியா பூஞ்சை உள்ளது. நாலு தட இயந்திரம் சுங்கை சிப்புட், கோலகங்சார், ஈப்போ பக்கம் யார்கிட்டயாவது இருந்தா இங்கேயே சொல்லுங்க. நாங்களே வந்து எடுத்துக்கிட்டு திரும்பக் கொண்டாந்து தர்றோம்.

ஒலிநாடா_அண்ணன்

கேக்கறப்ப மாடல் எண்ணையும் கேட்டு வாங்குங்க தம்பி. சில நாலு தட மாடல்ல சாதாரண வேகம் மட்டும்தான் இருக்கும். உங்க நாடா இரட்டை வேகத்துல பதிவானது, அதுல ஓட்டினாலும் ஆமைதான்.